டாடா இன்ஸ்டிடியூட்: நாடு கேட்ட கேள்விகளின் வளாகம்

பெங்களூரு மாநகரின் வடமேற்கில், மல்லேஸ்வரத்துக்கும் யஷ்வந்தபுரத்துக்கும் மத்திகெரேக்கும் சதாசிவநகருக்கும் நடுவே, ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்பில் இந்திய அறிவியல் கழகத்தின் வளாகம் விரிந்திருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் பேருந்து நடத்துநர்களுக்கும் அது இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’தான். அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே, மத்திகெரேயிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், உள்ளே பட்டறையிலோ விடுதிச் சமையற்கூடத்திலோ தோட்டத்திலோ அலுவலகத்திலோ ஒருவராவது வேலை பார்த்த குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. என் அப்பா அங்கே கண்ணாடி ஊதும் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் லால்பாக், விதான சௌதா, இஸ்கான் கோயில் என்று பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். பிள்ளைகளை அறிவியல் படிக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்கூட இந்த வளாகத்தைப் பற்றிக் கேட்பதில்லை, கேட்டாலும், “அதில் சேருவதற்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும்?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இதைச் சேர்க்கைக்கான இடமாக மட்டும் பார்ப்பது மிகக் குறுகிய பார்வை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்குள்ள கட்டடங்களைக் கட்டப்பட்ட வரிசையில் பார்த்துக்கொண்டே போனால், நூறாண்டுகளுக்கு மேலாக இந்த நாடு தன் அறிவியலாளர்களிடம் என்னென்ன கேட்டது, அவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பது ஓரளவு தெளிவாகவே புலப்படும். அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரையும் போகிறது.

தொடக்கம் பம்பாயில். ஜாம்ஷெட்ஜி டாடா 1890களில் இப்படி ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தைக் கனவு கண்டார். 1893இல் ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்ற கப்பலில் அவரும் விவேகானந்தரும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். 1898இல் தம் திட்டத்துக்கு ஆதரவு கேட்டு விவேகானந்தருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. பம்பாயில் தமக்குச் சொந்தமான கட்டடங்களையும் நிலங்களையும், அன்றைய மதிப்பில் சுமார் 30 லட்சம் ரூபாய் பெறுமானமுள்ளவற்றை, இதற்கென ஒதுக்க அவர் முன்வந்தார். புதிதாக வந்திறங்கிய வைஸ்ராய் கர்சனுக்கோ ஐயம். இவ்வளவு உயர்ந்த படிப்புக்கு இந்தியாவில் மாணவர்கள் கிடைப்பார்களா, படித்து முடித்தால் அவர்களுக்கு வேலைதான் இருக்குமா என்று அவர் தயங்கினார். லண்டனிலிருந்து வேதியியலாளர் வில்லியம் ராம்சே வரவழைக்கப்பட்டு, நாட்டைச் சுற்றிப்பார்த்து, பெங்களூரே ஏற்ற இடம் என்று பரிந்துரைத்தார். பேச்சும் குழுக்களும் திருத்தங்களுமாக ஆண்டுகள் ஓடின. 1904இல் டாடா காலமானார். பிறகு அவருடைய பிள்ளைகள் விடாமல் முயன்றதாலும், மைசூர் அரசு 1907இல் 371 ஏக்கர் நிலத்தைக் கொடுத்ததாலும்தான் 1909 மே 27 அன்று இந்திய அரசின் ஆணை பிறந்தது.

மூன்று கைகள் சேர்ந்து எழுப்பிய நிறுவனம் இது: ஒரு வணிகரின் செல்வம், ஒரு சமஸ்தானத்தின் நிலம், ஓர் அரசின் மானியம். டாடாவின் பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. மைசூர் மக்களின் நிலம் என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. அந்த நிலத்தைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

கோபுரத்தோடு நிற்கும் கருங்கல் தலைமைக் கட்டடத்துக்கு மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1911 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் பம்பாயைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சி. எஃப். ஸ்டீவன்ஸ். முன்னால் நிற்கும் டாடாவின் சிலை 1922இல் நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் சிற்பி கில்பர்ட் பேயஸின் கைவேலை. படம் எடுத்துக்கொள்வோர் எல்லாரும் இங்கேதான் நிற்கிறார்கள். ஆனால் 1911 ஜூலையில் முதல் மாணவர்கள் வந்தபோது அவர்களுக்காகத் திறக்கப்பட்ட துறைகள் எவை என்பதுதான் எனக்கு அந்தக் கோபுரத்தைவிடச் சுவையானது. பொது வேதியியல், பயன்பாட்டு வேதியியல், மின் தொழில்நுட்பம். அவ்வளவே. வானியலோ கணிதமோ இல்லை.

காரணம் சுற்றுப்புறத்திலேயே இருந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, அங்கிருந்து மின்சாரம் நெடுந்தூரம் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய அதே சுரங்கங்கள்தான் அவை. 1905இல் பெங்களூரின் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது. இந்த மின்சாரத்தைப் புரிந்து கையாளப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள். வேதியியலின் கதையும் இதைப் போன்றதே. மைசூர்க் காடுகளின் சந்தனமரம் மொத்தமாக ஐரோப்பாவுக்கு, பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போய் அங்கேதான் எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. மரம் கிடங்கில் தேங்கியது. இங்கிருந்த பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் சந்தன எண்ணெயை இங்கேயே வடிக்கும் முறையை உருவாக்கிக் கொடுத்தார்கள். மைசூர் சாண்டல் சோப்பின் மணத்துக்குப் பின்னால் இந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதே காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த கில்பர்ட் ஃபௌலர், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களை இங்கே ஆராய்ந்தார். இன்று நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் ஓடும் சுத்திகரிப்பு முறையின் தொடக்ககால அறிஞர்களில் அவர் ஒருவர்.

இந்த இடத்தில் அப்பாவின் பட்டறையைச் சொல்லிவிட வேண்டும். வேதியியல் ஆய்வு எதுவும் அது இல்லாமல் நடக்காது. பெங்களூரைத் தேர்ந்துகொடுத்த ராம்சே கண்ணாடி ஊதுவதில் பெயர் பெற்றவர். கழகத்தின் முதல் இயக்குநராக வந்த மோரிஸ் டிராவர்ஸ், அவரோடு சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் ஆகிய வாயுக்களைக் கண்டுபிடித்தவர். மிகச் சிறிய அளவிலான வாயுவைக் கசியாமல் பிடித்து, ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அளந்து பார்க்கும் வேலை அது. கண்ணாடிக் கருவி சரியாக இல்லாவிட்டால் கண்டுபிடிப்பே கிடையாது. அந்த மரபுதான் பெங்களூருக்கு வந்தது.

கடையில் வாங்கும் குடுவைகளைப் பற்றி நான் பேசவில்லை. ஓர் ஆய்வு மாணவர் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய முனையும்போது, அதற்கான கருவி எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஒரு தாளில் பென்சிலால் கிறுக்கி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவார். அப்பா அந்தப் படத்தை உடனே பார்க்கமாட்டார். “தம்பி, படம் இருக்கட்டும். உள்ளே என்ன வாயு ஓடும், எவ்வளவு சூடு ஏறும், வெற்றிடம் எவ்வளவு வேணும், அதைச் சொல்லுங்க,” என்பார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவர், “அண்ணே, எங்க சாரே இவ்வளவு கேள்வி கேக்கலையே,” என்று சொன்னதை அப்பா வீட்டில் பெருமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயை ஆக்சிஜன் கலந்த எரிவாயுச் சுடரில் காட்டி, சோடியத்தின் மஞ்சள் ஒளியை வடிகட்டும் தனிக் கண்ணாடி அணிந்து, இரு கைகளாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே ஊத வேண்டும். ஒரு கை சற்றே முந்தினாலும் குழாய் முறுக்கிக்கொள்ளும். இரண்டு குழாய்களை இணைத்த பிறகு, அந்த இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத இறுக்கம் தங்கியிருக்கும். அதை உலையில் வைத்து, உரிய வெப்பத்துக்கு ஏற்றி, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லையென்றால் மாதங்கள் கழித்து, நடு இரவில், சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது அது தானாக விரிசல் விடும். கண்ணாடி சூட்டில் உடைவதைவிட ஆறும்போது உடைவதே அதிகம் என்பது அப்பாவின் அனுபவம். அவர் செய்து கொடுத்த வெற்றிடக் குழாய்த் தொடர்களில் பிறந்த ஆய்வேடுகள் பல. சிலவற்றின் நன்றியுரையில் பட்டறையின் பெயர் இருக்கிறது, பலவற்றில் இல்லை. ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தை அதன் பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியலாக மட்டும் எழுதுவது முழுமையற்றது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். கடைசல் எந்திரம், மின்னணுப் பழுது, திரவ நைட்ரஜன் வினியோகம், நூலக அடுக்கு, எலி வளர்ப்பகம் என்று ஒவ்வொன்றிலும் இத்தகைய கைகள் இருக்கின்றன.

இனி, ராமன். 1933இல் கல்கத்தாவிலிருந்து வந்து கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார் சர் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த ஆண்டே இயற்பியல் துறையைத் தொடங்கினார். தொழிலுக்கு உதவும் வேதியியலும் மின்பொறியியலுமாக இருந்த இடத்துக்கு, ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்ற வெறும் ஆர்வத்தில் பிறக்கும் கேள்வி அப்போதுதான் முழு உரிமையோடு நுழைந்தது. ஒலி அலைகள் பாயும் திரவத்தின் ஊடே ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதை அவரும் நாகேந்திர நாத்தும் சேர்ந்து விளக்கிய கோட்பாடு இங்கே உருவானது. ஜெர்மனியிலிருந்து ஹிட்லர் ஆட்சியால் விரட்டப்பட்ட மாக்ஸ் போர்னை அழைத்து வந்து 1935-36இல் சில மாதங்கள் தங்க வைத்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் எடுத்த முயற்சிக்கு எதிர்ப்பு கிளம்பியது. ராமனின் நிர்வாக முறை மீதும் புகார்கள் குவிந்தன. 1937இல் இயக்குநர் பதவியைத் துறந்தார். இயற்பியல் பேராசிரியராக 1948 வரை இருந்தார். போர்னுக்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்ததை நினைக்கும்போது, பெங்களூரு கைநழுவவிட்டது எவ்வளவு பெரியது என்று மனம் வருந்தத்தான் செய்கிறது.

திருச்சி மண்ணில் பிறந்த ராமனைத் தமிழர்கள் நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியவர்தான். ஆயினும் அதே 1933இல், பம்பாயில் முதல் வகுப்பில் தேறி வந்த கமலா பாகவத் என்ற இளம்பெண்ணுக்குப் பெண் என்பதாலேயே ராமன் இடம் மறுத்தார் என்பதையும் நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கமலா விடவில்லை. அமைதியாக எதிர்த்து நின்று, நிபந்தனைகளோடு சேர்ந்து, பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து, தம் திறத்தை மெய்ப்பித்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று அறியப்படும் அவர், அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்னா மணி, வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்து ஆய்வேட்டை முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. நாட்டின் வானிலைக் கருவிகளைத் தரப்படுத்தியவர் பிறகு அவரே.

ராமனின் கண்ணுக்குத் தப்பாத இன்னொருவர் ஜி. என். ராமச்சந்திரன். 1942இல் மின்பொறியியல் மாணவராக வந்த அவரை இயற்பியலுக்கு மாற்றிக்கொண்டவர் ராமன்தான். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த மாதிரிகளை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் கொண்டது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து காட்டினார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு அவர் வெளியிட்ட வரைபடம் இல்லாமல் இன்று உலகில் எந்தப் புரத வடிவமும் சரிபார்க்கப்படுவதில்லை. 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்கே திரும்பி மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை அவர் நிறுவினார். சென்னைக்கும் இந்த வளாகத்துக்கும் இடையிலான அறிவுப் போக்குவரத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போர் இங்கே இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்து சேர்த்தது. 1940இல் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கியது. விமானத்தைப் பழுதுபார்க்கவும் வடிவமைக்கவும் தெரிந்தவர்கள் வேண்டும். 1942இல் விமானப் பொறியியல் துறை வி. எம். காட்கே தலைமையில் பிறந்தது. தொடர்ந்து உலோகவியலும் உள் எரி பொறிகளுக்கான துறையும் உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடமும் அந்தப் பத்தாண்டிலேயே வந்தன. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் இந்தக் காலத்துக் கட்டடங்கள் சிலவற்றை வரைந்தார். தலைமைக் கட்டடத்தின் கம்பீரம் இவற்றில் இல்லை. வெயிலையும் காற்றையும் கணக்கிட்டு வரைந்த எளிமை இருக்கிறது. எனக்குப் பிடித்தவை இவையே. போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்த ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை இதே வளாகத்தில் ஆராய்ந்தார்கள். பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1945இல் இங்கே தொடங்கிப் பின்னர் பம்பாய்க்குப் போயிற்று. அணுசக்தி, விண்வெளி ஆகிய இரண்டு பெருந்திட்டங்களின் முதல்வர்களும் இந்த மரங்களுக்கடியில் நடந்தவர்கள்.

1951இல் சேர்ந்த சதீஷ் தவன், ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று ஓடும் சுரங்கம் ஒன்றை இங்கே கட்டினார். அதன் சோதனைப் பகுதி 1 அங்குல உயரமும் 3 அங்குல அகலமும்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்த அளவில் தொடங்கிய துறையில், பிறகு 14 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட பெரிய காற்றுச் சுரங்கம் எழுந்தது. விமான மாதிரிகள் மட்டுமல்லாமல் உயர்ந்த கட்டடங்களும் புகைபோக்கிகளும் புயலைத் தாங்குமா என்று பார்ப்பதற்கும் அது பயன்படுகிறது. 1962 முதல் 1981 வரை தவனே இயக்குநர். 1972இல் விண்வெளித் துறையை ஏற்குமாறு அழைக்கப்பட்டபோது, கழகத்தை விட்டு வரமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தார். இஸ்ரோ இந்நகரத்தில் இருப்பதன் காரணம் அதுவே. 1979இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் தவன். அடுத்த ஆண்டு அது வென்றபோது பேசச் சொல்லி முன்னே நிறுத்தியது அப்துல் கலாமை. இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கணினியின் வரவை விரைவாகச் சொல்லிவிடலாம். 1950களின் நடுவில், வருகைப் பேராசிரியர் வின்சென்ட் ரைடௌட்டின் வழிகாட்டலில் மின்னணு முறையில் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு கருவி இங்கே இயங்கியது. அதில் உழைத்த மாணவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். அவர் எழுதிய பாடநூல்களைப் படிக்காத பொறியாளர் ஒரு தலைமுறையில் அரிது. அவரே 1980களில் இங்கே கணினி மையத்தைப் பொறுப்பேற்று வளர்த்தார். 2022இல் அங்கே நிறுவப்பட்ட ‘பரம் பிரவேகா’ மீக்கணினியின் திறன் 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3,300 லட்சம் கோடி கணக்குகள்.

மரங்களுக்கு வருகிறேன். வளாகத்தின் சாலைகளுக்கு குல்மோஹர், மகாகனி, தாலம் என்று மரங்களின் பெயர்களே இருக்கின்றன. நூறாண்டுக்கு முன் இது மேட்டு நிலப் புதர்க்காடு. இன்றைய நிழல் முழுவதும் நட்டு வளர்த்தது. இரவில் இந்தக் கிளைகளில் தேவாங்குகள் நடமாடுகின்றன என்பது உள்ளேயே வசிப்பவர்களில் பலருக்குக்கூடத் தெரியாது. தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை ஊர்ந்து, பூச்சி பிடித்துத் தின்னும் அந்தச் சிறு விலங்குக்கு, தொடர்ந்து இணைந்த மரக்கூரை வேண்டும். ஒரு சாலையை அகலப்படுத்த நான்கு மரங்களை வெட்டினால் அதன் ஊரே இரண்டாகிவிடும். கட்டடங்கள் பெருகப் பெருக இந்தக் கவலையும் பெருகுகிறது. ஆர்வலர்கள் சிவப்பு விளக்குகளோடு இரவில் நடந்து அவற்றைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

நாடு கேட்ட கேள்விகள் எல்லாம் ஆலையிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் வந்தவையாகவே இருக்கவில்லை. மின்வேதியியல் பேராசிரியராக இருந்த அமுல்ய ரெட்டி 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது, நம் ஆராய்ச்சியால் கிராமத்துக்கு என்ன பயன் என்ற கேள்வி நேராகவே கேட்கப்பட்டது. தும்கூர் மாவட்டத்தின் உங்க்ரா கிராமத்தில் தங்கி, ஒரு குடும்பம் நாளொன்றுக்கு எவ்வளவு விறகு எரிக்கிறது, அதைச் சுமக்கப் பெண்கள் எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். அந்த அளவீட்டிலிருந்து புகையையும் விறகையும் குறைக்கும் அடுப்பு பிறந்தது. சிமெண்டைச் சிறிதே கலந்து அழுத்திச் செய்யும் மண் கற்களும் வந்தன. பெங்களூரிலும் அதைச் சுற்றியும் அந்தக் கற்களால் கட்டிய வீடுகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஓர் அடுப்பைச் சமன்பாட்டோடு அணுகிய அந்த மனநிலைக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

1983இல் மாதவ் காட்கில் முயற்சியால் சூழலியல் மையம் வந்தது. அங்கிருந்து நம் காடுகளுக்கு நேரே ஒரு பாதை போகிறது. சென்னையில் பிறந்த ஆர். சுகுமார், சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைக் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து, அவை ஏன் வயலுக்குள் வருகின்றன, ஆண் யானைகள் ஏன் கூடுதலாக வருகின்றன என்று ஆராய்ந்தார். முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்தார்கள். தீ, வறட்சி, யானை ஆகிய மூன்றையும் தாங்கி எந்த மரம் பிழைக்கிறது என்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகிவருகிறது. இப்படி நீண்ட காலம் காத்திருக்கும் ஆய்வுக்குத் தனியார் நிறுவனம் எதுவும் பணம் கட்டாது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஏன் தேவை என்று யாராவது கேட்டால் நான் முதுமலையைத்தான் காட்டுவேன்.

நிலத்தைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும் என்றேன். நகரத்துக்குள் இடம் போதாமல், சித்திரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் ஏறத்தாழ 1,500 ஏக்கரில் கழகத்துக்கு இரண்டாவது வளாகம் ஒதுக்கப்பட்டது. அதே பகுதியில் அணு ஆராய்ச்சி, பாதுகாப்பு, விண்வெளி ஆகிய துறைகளுக்கும் நிலம் கொடுக்கப்பட்டது. அது அம்ருத் மஹல் காவல் எனப்படும் புல்வெளி. மைசூர் மன்னர்கள் காலத்திலிருந்து மாடு மேய்ந்த இடம், கானமயிலும் வாழ்ந்த வறண்ட புல்காடு. மேய்ச்சலை நம்பியிருந்த கிராமத்தவர் எதிர்த்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 1907இல் கிடைத்த நிலத்தை நன்றியோடு நினைக்கும் நாம், நூறாண்டு கழித்துக் கிடைத்த நிலத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்கத் தயங்கக் கூடாது. சூழலியலை இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனத்திடம் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அங்கே ஆசிரியர்களுக்கும் திறன் பயில்வோருக்கும் பயிற்சி நடப்பது நல்ல செய்தி. புல்வெளியின் கணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை.

நெடுங்காலம் முதுநிலை, முனைவர் படிப்புக்கு மட்டுமாக இருந்த இடத்தில் 2011 முதல் நான்காண்டு இளநிலை அறிவியல் படிப்பும் நடக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வந்ததும் வளாகத்தின் குரலே மாறிவிட்டது என்று அப்பா சொல்வார். சைக்கிள்கள் பெருகின, தேநீர்க் கடைகளில் சிரிப்புச் சத்தம் கூடியது. அடுத்து வந்திருக்கும் கேள்வி மருத்துவம். 800 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்காக 2022இல் பாக்சி, பார்த்தசாரதி குடும்பங்கள் 425 கோடி ரூபாய் நன்கொடை அறிவித்தன. சந்தன எண்ணெயில் தொடங்கிய இடம், பொறியாளரும் மருத்துவரும் ஒரே கூரையின்கீழ் முதுமை மறதியையும் புற்றுநோயையும் ஆராயும் இடமாக மாறிக்கொண்டிருக்கிறது.

சாதாரண நாட்களில் வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். வேலையில்லாமல் உள்ளே போக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை, நிறுவனர் பிறந்தநாளான மார்ச் 3ஐ ஒட்டி, எல்லாருக்கும் கதவு திறக்கப்படுகிறது. கட்டணம் இல்லை. பெங்களூரிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் அனைவரும் பிள்ளைகளோடு அன்று போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஓசூரிலிருந்து காலை ரயிலிலேயே வந்துவிடலாம். யஷ்வந்தபுரம் நிலையத்தில் இறங்கினால் வளாகம் பக்கம்.

கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். காலையிலேயே விமானப் பொறியியல் துறைக்குப் போய்க் காற்றுச் சுரங்கத்தைப் பாருங்கள்; நண்பகலுக்குப் பிறகு அங்கே வரிசை நீண்டுவிடும். உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தில் செயற்கை மின்னல் வெட்டும்போது சிறு பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சூழலியல் மையத்தில் குளவிகளையும் எறும்புகளையும் வைத்துக்கொண்டு நிற்கும் ஆய்வு மாணவர்களிடம் நேரம் எடுத்துப் பேசுங்கள். ஒவ்வொரு துறையிலும் மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்த யாராவது ஒருவர் இருக்க வாய்ப்புண்டு. பிள்ளையைத் தமிழிலேயே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று தமிழுக்கு மாறி, “இங்க வா தம்பி, கிட்ட வந்து பாரு,” என்று கருவியின் மூடியைத் திறந்து காட்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடி ஊதிக் காட்டும் இடம் எதிரில் பட்டால், வேலை செய்பவரிடம் உள்ளே என்ன வாயு ஓடும் என்று கேளுங்கள். மிக விரிவான பதில் கிடைக்கும்.